இரக்கமில்லாத ஆள் தேவை

வட சிலாங்கூரில் கற்பூரத்திடம் ஏமாறாத தெய்வமே கிடையாது. இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து அணைத்தே அவருக்கு அந்தப் பெயர் வந்தது. உள்ளங்கை மாட்டுத்தோலாகிவிட்டது, குடி மட்டும் அப்படியே இருந்தது. மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றிப் பார்த்தார். அது உருகி முடிவதற்குள் கள்ளுக்கடையில் இருந்தார்.

மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய அவசரகாலம் அது. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. கேட்டில் அடையாளக் கார்டைக் காட்டாமல் வெளியே போக முடியாது. கள்ளுக்கடை வேலிக்கு வெளியே. கற்பூரத்தின் மனைவி அஞ்சலையும் வெளியேதான், பட்டணத்தில் அண்ணன் வீட்டில். "அந்த மனுசன் குடிய விட்டாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒரு நாள் கள்ளுக்கடை திறக்கும் நேரத்தில் கற்பூரம் வேலிக்குள் இருந்த ஆபீசுக்கு வந்து, கார்டை என் மேசைமேல் வைத்தார்.

"தினமும் கடை சாத்துற வரைக்கும் நான் என்ன கெஞ்சினாலும் குடுக்கக்கூடாது ஐயா."

"ஏன் என்கிட்ட?"

"சாமிங்க மன்னிச்சிருதுங்க. இரக்கமே இல்லாத ஆளா வேணும்னு லயத்துல கேட்டேன். எல்லாரும் உங்க பேரத்தான் சொன்னாங்க."

நான் அப்போது தோட்டத்துக் கணக்கெழுதும் இளம் கிராணி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தினாலும் அரைநாள் சம்பளத்தை வெட்டுகிறவன். அவ்வளவு ஒருமனதாக என்னை அதற்குப் பிறகு யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை.

முதல் நாளே ஆரம்பித்தார். "போட்டோவ ஒரு தடவ பாத்துட்டுத் தரேனே."

"நல்லாவே இல்ல. பாக்காத."

"எங்கம்மா செத்துப் போச்சு ஐயா."

"அது போன வருசம். லீவு எழுதினது நான்தான்."

பிறகு என் பரம்பரையைத் திட்டினார். குடிக்காததில் அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது, கை நடுங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்து கொடுத்தார். நான் கோப்பி கொடுத்து, ரப்பர் கொட்டைகளை வைத்து ஆடுபுலி ஆட்டத்துக்கு உட்கார வைத்தேன். நடுக்கத்தில் அவருடைய புலி என் ஆடுகளைத் தானாகவே தாவியது. வாரக்கணக்கில் தோற்றேன்.

ஒரு மாலை திடீரென்று ராணுவம் வந்து, எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கார்டு கேட்டது. இல்லாதவர்களை ஏற்றிப்போக லோரி தயார். கற்பூரத்தின் கார்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவரோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"குடுக்காதீங்க ஐயா. கடை இன்னும் சாத்தல லா."

"யோவ், ஜெயில்ல போட்டுருவான்யா."

"அங்க கள்ளு குடுப்பானா?"

இதை வெள்ளைக்கார அதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்க நான் பட்ட பாடு, பள்ளி இறுதிப் பரீட்சையில்கூடப் படவில்லை. கடைசியில் கார்டை நானே அதிகாரியிடம் காட்டிவிட்டு, மறுபடியும் என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சோடு லோரியில் ஏறிப் போனார்.

கள்ளைவிட ஜெயில் மேல் என்று நின்றாராமே என்ற செய்தி பட்டணத்துக்குப் போயிற்று. அஞ்சலை பெட்டியோடு வந்து இறங்கினார். இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கார்டை நீட்டினேன்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் ஐயா. உங்களக் கண்டாத்தான் அவருக்கு ஆவாது."

மறுநாள் கள்ளுக்கடைக்கு விடுமுறை. கற்பூரம் ஆபீசுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வழக்கமான நேரத்துக்கு வந்து, எதிரே உட்கார்ந்தார். நான் வெகுநேரமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்லவில்லை.