பெரியபாளையம் வராத போல்ட்டு

அன்னிக்கு சனிக்கிழமை. எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காருக்கு அடியில ஒரு போல்ட்டைக் கழட்டணும்.

அவ்ளோதான்.

நான் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனியில மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். "என் கை பட்டா போல்ட்டு தானா எறங்கி வரும்"னு கேன்டீன்ல டீயும் கையுமா பேசுற ஆளு. அதனால ஒரு சின்ன போல்ட்டுக்கெல்லாம் பயப்படல.

கார், செகண்ட் ஹேண்ட்ல வாங்கின சின்ன கார். கொஞ்ச நாளா பள்ளத்துல எறங்கினா இடது முன் சக்கரத்துகிட்ட டொக்கு டொக்குனு சத்தம். சக்கரத்தைத் தாங்குற ஆர்ம்ல ரப்பர் புஷ் தேஞ்சு போச்சு. புதுசு வாங்கியாச்சு. பழசைப் புடிச்சிருக்குற அந்தப் போல்ட்டைக் கழட்டினா மாத்திடலாம்.

ஆனா அன்னிக்கே மாத்தணும். ஏன்னா மறுநாள் ஆடி ஞாயிறு. பெரியபாளையத்து அம்மனுக்குப் பொங்கல் வைக்கணும். என் பொண்டாட்டி சுமதியோட அக்காவும் அக்கா புருஷனும் திருவள்ளூர்ல இருந்து வர்றாங்க. புதுக் கார்ல!

காலையிலயே சகலை போன் பண்ணிட்டார். "நீங்க எதுக்கு சகல அந்த வண்டிய இட்டுக்கினு கஷ்டப்படுறீங்க? எங்க வண்டியிலயே பின்னாடி அட்ஜஸ்ட் பண்ணி ஒக்காந்துக்கோங்க."

சுமதி பக்கத்துலயே நின்னு கேட்டுட்டா.

"இன்னாங்க, எங்க அக்கா முன்னாடி சீட்டுல ஒக்காருவா, நான் பின்னாடி அட்ஜஸ்ட் பண்ணிக்கினு போணுமா? நாளைக்கு நம்ம கார்தான் போவுது. சத்தம் இல்லாம போவுது."

பொன்னேரி மெக்கானிக்குக்கு போன் பண்ணேன். "வண்டிய வுட்டுட்டுப் போ சார், திங்கக்கெழம பாக்கலாம்"னார். திங்கக்கெழமை பாத்து யாருக்கு என்ன புண்ணியம்? நானே படுத்தேன், காருக்கு அடியில.

ஸ்பேனரைப் போட்டு ஒரு இழு. போல்ட் நகரல. நான்தான் நகர்ந்தேன்.

சரி, துருவா இருக்கும், கொஞ்சம் கெரசின் ஊத்தினா ஊறி விட்டுடும். சமையல்கட்டுல இருந்து கேனை எடுத்தேன். "ஸ்டவ்வுக்கு மிச்சம் வைங்க"ன்னா சுமதி. போல்ட்டுக்குப் பாதி, மண்ணுக்கு மீதின்னு மொத்தத்தையும் ஊத்திட்டேன்.

மறுபடி இழுத்தேன். ம்ஹூம்!

ஸ்பேனர் கைப்பிடி நீளமா இருந்தா பலம் கூடும். அதுக்கு ஒரு இரும்பு பைப் வேணும். சுத்திப் பாத்தேன். காம்பவுண்டு மூலையில, துணி காயப் போடுற கொடி ஒரு பைப்புல கட்டியிருந்தது. அதுல துணி காயுதுங்கறதை அந்த நேரத்துல நான் ஒரு பிரச்சனையாவே நெனைக்கல.

பைப்பைப் புடுங்கினேன். கொடி தொபுக்குனு சேத்துல விழுந்தது.

எங்க ஹவுஸ் ஓனர் பாய் ஓடி வந்தார். பழவேற்காட்டுல எறா யாவாரம் பண்றவர், தங்கமான மனுஷன். சேத்துல இருந்து ஒரு வெள்ளை ஜிப்பாவைத் தூக்கிப் புடிச்சார்.

"இன்னா சார் இது! நாளைக்கு மச்சான் பொண்ணு நிக்காஹ்வுக்குப் போட வெச்சிருந்தேன் சார்!"

"ஒரே நிமிஷம் பாய், இதோ முடிஞ்சிடும்"னு பைப்பை ஸ்பேனர்ல சொருகி, முழு பலத்தையும் போட்டுத் தொங்கினேன்.

பைப் வளைஞ்சுது. போல்ட் அப்படியே இருந்தது.

பாய் வளைஞ்ச பைப்பை ஒரு தடவை பாத்தார். ஜிப்பாவை அலசி, காம்பவுண்டு சுவத்து மேல போட்டுட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு அங்கேயே காவலுக்கு நின்னார்.

அப்பதான் எங்க கம்பெனி வெல்டர் ஏழுமலை ஷிப்ட் முடிஞ்சு அந்தப் பக்கம் வந்தான். குனிஞ்சு பாத்தான்.

"ஸ்பேனருக்கெல்லாம் மசியாதுண்ணே. சூடு காட்டணும்."

ஊட்டுக்குப் போய் நெருப்பைப் பீச்சுற ப்ளோ லாம்ப்பை எடுத்துக்கினு வந்தான். கெரசின் ஊத்தினதை அவன்கிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணுறதுக்கும், அவன் நெருப்பைக் காட்டுறதுக்கும் சரியா இருந்தது.

குபீர்!

"ஈரத் துணி! ஈரத் துணி!"ன்னு கத்தினேன். ஏழுமலை சுவத்து மேல இருந்ததை உருவி அடிச்சு அணைச்சுட்டான். நல்ல காட்டன். சீக்கிரமா அணைஞ்சுது.

பாய் மட்டும் "யா அல்லாஹ்"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

பொகை அடங்கினதும் ஏழுமலை உத்துப் பாத்தான். போல்ட் மேல தோல் தோலா உரிஞ்சு தொங்குது.

"அண்ணே, இது துரு இல்லண்ணே. பெயிண்டு! எவனோ பேமானி போல்ட்டு மேலயே அடிச்சு வெச்சிருக்கான்."

"பழைய ஓனரா இருக்கும்பா"ன்னேன்.

அவன் ஸ்குரூ டிரைவரால சொரண்டினான். மேல சாம்பல். உள்ள பச்சை. "அட, நம்ம பம்ப்பு கலரு!" அடியில மஞ்சள். "இது நம்ம கிரேனு." அதுக்கும் அடியில நீலம். "கம்ப்ரஸரு! இன்னாண்ணே இது, நம்ம பிளான்ட்டே இங்கதான் கீது!"

சொல்லிட்டு மெதுவா என் பக்கம் திரும்பினான். நான் ஜாக்கியைப் பாத்தேன்.

விஷயம் இதுதான். எங்க கம்பெனியில ஆயுத பூஜை வந்தா மெஷின் ஓடுதோ இல்லையோ, பளபளன்னு இருக்கணும். நட்டு, போல்ட்டு, மீட்டர் கண்ணாடி, எதையும் விட மாட்டோம். ஒரு வருஷம் ஸ்டோர் கீப்பர் கழட்டி வெச்சிருந்த செருப்புக்கும் சேத்து அடிச்சோம். மெயின்டனன்ஸ்னாலே எங்களுக்குப் பெயிண்ட்தான். மிஞ்சினதை வீட்டுக்கு எடுத்துக்கலாம்னு மேனேஜரே சொல்லிடுவார். நானும் வருஷா வருஷம் காருக்கு அடியில படுத்து, துரு பிடிக்கக் கூடாதுன்னு வஞ்சனை இல்லாம பூசினேன்.

துரு பிடிக்கல. அதை நான் பெருமையாவே சொல்லுவேன்.

பெயிண்ட்டைச் சொரண்டி, வளைஞ்ச பைப்பைப் போட்டு ரெண்டு பேரும் சேந்து தொங்கினோம். டக்!

சுத்துச்சு! போல்ட் சுத்துச்சுய்யா! "சுமதி, வந்து பாரு!"ன்னு கத்தினேன்.

வந்து பாத்தா. சுத்தினோம். இன்னும் சுத்தினோம். சுத்திக்கினே இருந்தோம். போல்ட் வெளிய வர்ற வழியக் காணோம்.

"உள்ள வெல்டு வெச்சிருந்த நட்டு புட்டுக்கிச்சுண்ணே. இனிமே நட்டும் போல்ட்டும் ஒண்ணாத்தான் சுத்தும். புஷ்ஷும் எரிஞ்சு போச்சு. இப்படியே ரோட்டுல எடுத்தா சக்கரம் மட்டும் தனியா பெரியபாளையம் போயிடும்."

காலையில சுத்த மாட்டேன்னு அடம். இப்ப நிக்க மாட்டேன்னு அடம். சுமதி ஒரு வார்த்தை பேசாம உள்ள போயிட்டா. திட்டியிருந்தாலாவது தேவலாம்போல இருந்தது.

கோயிலுக்குப் போட எடுத்து வெச்சிருந்த என் புதுச் சட்டை, மறுநாள் ஜிப்பாவுக்குப் பதிலா பாய் மேல ஏறி நிக்காஹ்வுக்குப் போச்சு. நான் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில குடுத்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கினு, சகலை காரோட பின் சீட்டுல, மடியில வெறகோட ஒக்காந்தேன். பக்கத்துல சுமதி, மடியில பொங்கப் பானையோட. பெரியபாளையம் வர்ற வரைக்கும் சத்தமே இல்ல, கார்லயும் சரி, அவகிட்டயும் சரி.

கோயில்ல பொங்கல் வெச்சுக்கினு இருந்தப்போ சகலை தன் கார் மேல கைய வெச்சுக்கினு நின்னார்.

"சகல, நீங்கதான் மெயின்டனன்ஸ் ஆளாச்சே. மழக்காலம் வருது. வண்டிக்கு அடியில துரு புடிக்காம இருக்க இன்னா பண்ணலாம்?"

அடுப்பை ஊதிக்கினு இருந்த சுமதி, நேத்துல இருந்து மொதல் தடவையா நிமிந்து என்னைப் பாத்தா. அடக்கின சிரிப்புல அவ உதடு லேசா துடிச்சுது.

"பெயிண்ட் அடிங்க சகல"ன்னேன். "போல்ட்டு மேல மட்டும் ரெண்டு கோட்டு சேத்து அடிங்க."