ஊசி போடாத டாக்டருக்கு ஒரு பேனர்

நெல்லித்தோப்பு,
புதுச்சேரி.

பிரான்சில் போர்தோ நகரில் மூளையை ஆராயும் என் அன்பு மருமகள் ஜூலிக்கு, தாய்மாமன் தனிஸ்லாஸ் மாதாவின் ஆசியை வேண்டி எழுதுவது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம்.

முனைவர் பட்டம் வாங்கிவிட்டதாக நீ ஆசையாகப் போன் செய்தபோது, "ஊசி போடத் தெரியாத டாக்டர் என்னா டாக்டரு?" என்று கேட்டுத் தொலைத்தேன். நீ போனை வைத்துவிட்டாய். மூன்று மாதமாக எடுக்கவும் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை ஜூலி. அந்த வாய்க்கொழுப்புக்குப் பரிகாரமாகத்தான் தெருமுனையில் உனக்கு ஒரு பேனர் வைக்கலாம் என்று கிளம்பினேன்.

உன் அம்மா ஸ்டெல்லாமேரியிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டு போனேன்: கஞ்சா செய்கிற வேலையைச் செய்யும் பொருள்களை நம் மூளை தானாகவே உண்டாக்குகிறது, வேலை முடிந்ததும் அவற்றை உடைத்துப்போடும் நொதிகள் மூளையில் எங்கெங்கே இருக்கின்றன என்பதே உன் ஆராய்ச்சி. பேனர் கடை கலியபெருமாள் இதைப் படித்துவிட்டு, இவ்வளவு எழுத்துப் போட்டால் உன் முகத்துக்கும் என் முகத்துக்கும் இடம் இருக்காது, சுருக்கித் தருகிறேன் என்றான். சுருக்கினான். "மூளையால் கஞ்சா இருக்கும் இடம் அறிந்த எங்கள் குலவிளக்கே, வருக!" கீழே கூலிங்கிளாஸ் போட்ட என் படம், வழக்கம்போல என் செல் நம்பர்.

பேனர் கட்டிய மறுநாள் விடிந்ததிலிருந்து போன். அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர், இடத்தை மட்டும் சொன்னால் போதும், தானே போய் எடுத்துக்கொள்வதாக மரியாதையாகச் சொன்னார். மூளையில் இருக்கிறது என்றேன். திட்டிவிட்டு வைத்தார். பத்து மணிக்குப் போலீஸ் வந்து என்னை அழைத்துப் போனது. ஸ்டேஷனில் ஒரு தாள் வாங்கி, உன் அம்மா சொன்னதை நினைவில் வைத்துப் படம் போட்டு விளக்கினேன். இரண்டு நரம்பணுக்கள், செய்தி கொடுப்பது ஒன்று, வாங்குவது ஒன்று. கொடுக்கிற பக்கம் ஃபா என்கிற நொதி, வாங்குகிற பக்கம் மேகல் என்கிற நொதி. நினைவு தங்குகிற இடத்திலும் இருக்கின்றன, சிறுமூளையிலும் இருக்கின்றன என்று மூச்சுவிடாமல் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கார்குழலி அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஆளாளுக்கு மண்டைக்குள்ளயே பொட்டலம் வச்சினு சுத்துறோம்னு சொல்றீங்க. நான் யாரைப் புடிக்கிறது?" என்றார். இனி ஆயுசுக்கும் பேனர் வைக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

பேனரை அவிழ்த்துவிட்டேன். அந்தப் படத்தைப் போடும்போதுதான் நீ எவ்வளவு கஷ்டமான வேலை செய்திருக்கிறாய் என்று எனக்கு உறைத்தது. நான் கேட்டது தப்பு. மன்னித்துவிடு. ஒரு தடவை போனை எடு.

மாதா உன்னைக் குளிரிலும் காய்ச்சலிலும் காக்கட்டும்.

உன் மாமா,
தனிஸ்லாஸ்

பி.கு.: ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்ட மறுநாளே மனசு கேட்கவில்லை. இருபதடியில் புதுப் பேனர் கட்டிவிட்டேன். இதில் கஞ்சா என்ற சொல்லே கிடையாது. ஸ்டேஷனில் போட்ட அதே படம்தான். எதிர்வீட்டு நிர்மலா டீச்சர் உன் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஃபா இருப்பது வாங்குகிற பக்கம், மேகல் இருப்பது கொடுக்கிற பக்கம், நான் தலைகீழாகப் போட்டிருக்கிறேன் என்கிறார். தெருவே தப்பாகப் படித்துக்கொண்டிருக்கிறது. நீ நேரில் வந்து திருத்துகிற வரை அவிழ்க்க மாட்டேன்.