மாப்பிள்ளையின் புகாரும் அந்த ஒரு வாரமும்

பேரன்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அத்தையின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, சமதளத்தில் சமர்த்தாக இருக்கிறது. உங்கள் உடம்பும் உத்தியோகமும் நல்லபடி இருக்கும் என்று நம்புகிறேன். இது போனிலேயே சொல்லக்கூடிய சங்கதிதான். ஆனால் போனில் ஆரம்பித்தால் என் நாக்கு சுருண்டுகொள்கிறது. நீங்களும் 'ம்' கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லாமல் தவிப்பீர்கள். அதனால் கடிதம். உட்கார்ந்து படிக்கவும், நீளம்.

அன்றைக்கு நீங்கள் போன் செய்து, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு மாசத்துல மூணு வாரம் தங்கம். நாலாவது வாரம் வேற யாரோ வந்து எங்க வீட்ல குடியிருக்காங்க. டம்ளரை இடம் மாத்தி வெச்சா அழுறா, சரியான இடத்துல வெச்சா அதுக்கும் அழுறா. கல்யாணத்துக்கு முன்னாடி அங்கயும் இப்படித்தானா?" என்று கேட்டீர்கள் அல்லவா? மரியாதையாகத்தான் கேட்டீர்கள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. ஆனால் வாங்கின மின்விசிறி சத்தம் போடுகிறது என்று கடைக்காரரிடம் சொல்பவரின் குரலும் அதில் கொஞ்சம் கலந்திருந்ததாக எனக்குப் பட்டது. நானோ உத்தியோகக் காலம் முழுக்க மின்சார அலுவலகத்தில் புகார் பிரிவில் உட்கார்ந்தவன். யார் எதைச் சொன்னாலும் வாய் தானாக ஒன்றையேதான் சொல்லும். "குறிச்சுக்கிட்டேன் மாப்பிள்ளை, ஆள் அனுப்பறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் யோசித்தேன், என்ன ஆள், எங்கே அனுப்புவது? பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் அத்தை, "யாரை அனுப்பப் போறீங்க, லைன்மேனையா?" என்று கேட்டுவிட்டு, கத்தியைக் கீழே வைத்து, "பஸ் ஸ்டாப் பக்கத்துல மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல பெண்களுக்குன்னே ஒரு கிளினிக் இருக்கு. பீரியட்ஸுக்கு முந்தின வாரம் வர்ற தொந்தரவுக்குன்னே படிச்ச டாக்டர் இருக்காங்களாம். எனக்கு அந்தப் படி ஏறாது. நீங்க போய் விசாரிச்சிட்டு வாங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பல்லுக்கு டாக்டர் உண்டு, காதுக்கு உண்டு. ஒரு வாரத்துக்கென்று டாக்டரா?

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். படியேறி உள்ளே போனால் கூடம் நிறையப் பெண்கள், ஆண் என்று பார்த்தால் நானும் சுவரில் மாட்டிய கடிகாரமும்தான். கடிகாரத்தை ஆண் கணக்கில் சேர்த்தது என் தைரியத்துக்காக. வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "கடைசியா எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள். நான் பணிவாக, "இதுக்கு முன்னாடி வந்ததே இல்லம்மா. இன்னைக்குத்தான் முதல் தடவை" என்றேன். கூடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த யாருக்கோ புரையேறியது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ, மன்னிச்சுக்குங்க ஐயா. பேஷண்ட் யாரு?" என்றாள். பேஷண்ட் வரவில்லை, பேஷண்டுக்கு நான் வந்திருப்பதே தெரியாது, புகார் கொடுத்தவர் பேஷண்டின் கணவர், நான் பேஷண்டின் அப்பா என்று விளக்கினேன். அவள் ரொம்ப நேரம் என்னையே பார்த்துவிட்டு, "இடது பக்கம் ரூம்ல உக்காருங்க" என்றாள். எனக்கு இடது வலது குழப்பம் எப்போதும் உண்டு. வலது பக்கம் போய்விட்டேன்.

வலது பக்க அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலியாக இருந்த ஒன்றில் நானும் உட்கார்ந்தேன். டாக்டரைப் பார்க்கும் வரிசையை வட்டமாகப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அது வரிசை இல்லை மாப்பிள்ளை, பேச்சுக் கூட்டம். ஆலோசகர் அம்மா ஒருவர், நடுத்தர வயது, நல்ல கனமான குரல், ஒவ்வொருவரையும் "அந்த வாரத்துல உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த பெண் பஸ் ஓட்டுபவராம், சீருடையிலேயே வந்திருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பல் வலின்னா பல்லு வலிக்குதுன்னு சொல்லிடலாம். இது வலி மாதிரியே வராதுங்க. நாமளே மோசமான ஆள், நம்மள யாருக்கும் பிடிக்கலைன்னு ஒரு நெனப்பா வரும். நெனப்புக்கு எப்படிங்க மாத்திரை கேக்கறது?" எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அடுத்தது என் முறை. எழுந்து நின்று (உட்கார்ந்து பேசினால் போதுமாம், எனக்குத் தெரியாது) உங்கள் புகாரை டம்ளர் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஆலோசகர் அம்மா மெல்லச் சிரித்து, "ஐயா, கூட்டம் பெண்களுக்கு மட்டும்தான். வந்துட்டீங்க, ஒண்ணு மட்டும் கேட்டுக்கிட்டுப் போங்க. அந்த வாரத்துல கோபம் வந்தா எல்லாமே அந்த வாரத்தோட கோபம்னு உங்க மருமகன் முடிவு பண்ணிடக் கூடாது. சிலது நெஜமாவே அவர் ஈரத் துண்டைக் கட்டில் மேல போட்டதுக்கா இருக்கும்" என்றார். பஸ் ஓட்டும் அம்மா கைதட்டினார். இதை உங்களுக்குத் தெரிவிப்பது என் கடமை. நான் எந்தத் துண்டையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் சரியான அறைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். ஒல்லியான அம்மா. நாம் பேசி முடித்த பிறகும் இன்னும் ஏதாவது வருமா என்று காத்திருப்பவர். நான் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு டானிக் எழுதிக் கொடுத்தால் நானே வாங்கிப் பாலில் கலந்து தருவதற்கு ஏற்பாடு செய்வேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "கணவர் அப்பாகிட்டச் சொல்றார், அப்பா என்கிட்டச் சொல்றார். சம்பந்தப்பட்டவங்க இதுல எங்க இருக்காங்க?" என்று கேட்டார். எங்கள் பிரிவில் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாலே கம்பத்தைப் போய்ப் பார்ப்போம் என்றேன். "கம்பத்துக்கு வாய் கிடையாது ஐயா. உங்க பொண்ணுக்கு இருக்கு. அவங்களைக் கேட்டீங்களா?" என்றார். நான் மேஜை மேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவரே பொறுமையாகச் சொன்னார். இது நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை. நிறையப் பெண்களுக்கு லேசாக வந்து போகும், சிலரைப் படுத்தி எடுத்துவிடும், அப்படிப்பட்டவர்களுக்கு வைத்தியம் இருக்கிறது. ஆனால் அவள் வர வேண்டும், அவளுக்கு விருப்பமிருந்து வர வேண்டும். டானிக் பேச்சே கிடையாது.

ஆகவே உங்கள் மனைவி வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைக்குச் சாப்பாட்டு இடைவேளையில் போனேன். மாதிரித் துணி வெட்டும் பிரிவின் வெளியே ஒரு பெஞ்சு இருக்கிறது, அதில் இருவரும் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை, பெண்ணைப் பெற்று வளர்த்துப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுத்தவன் நான், இந்த ஒரு விஷயத்தை அவளிடம் வாய்விட்டுப் பேசியதில்லை. முதலில் வாடகை பற்றிக் கேட்டேன். பிறகு தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டேன். பிறகு மின்சாரம். "அப்பா, என்னன்னு சொல்லுங்க" என்றாள். "அந்த... முந்தின வாரம்..." என்றேன். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. டிபன் டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே பேசினாள். "அந்த வாரம் கத்தரிய எடுக்கவே பயமா இருக்குப்பா, துணிய வீணாக்கிடுவேனோன்னு. வீட்டுக்குப் போனா அவர் மேல எரிஞ்சு விழறேன். அவர் பாவம், என்ன செய்யறதுன்னு தெரியாம பாத்திரம் தேய்க்கிறார். அதைப் பாத்தா இன்னும் எரிச்சலா வருது. நாலு நாள் கழிச்சு எல்லாம் தெளிஞ்சிடும், தெளிஞ்ச பிறகு அவர் முகத்தைப் பாக்க முடியல. நான் இல்லேன்னா அவராவது நிம்மதியா இருப்பார்னு பையை எடுத்துக் கட்டி வெச்சிருக்கேன். அடுத்த மாசமும் இப்படியே ஆச்சுன்னா நம்ம வீட்டுக்கே வந்துடலாம்னுதான்."

பை என்று சொன்னபோது எனக்கு அந்தப் பெஞ்சு வழுக்குவது போல இருந்தது. உங்கள் மேல் குறை சொல்வாள் என்று ஒரு பக்கம் எதிர்பார்த்துத்தான் போனேன். அவள் உங்களுக்காகத்தான் கிளம்ப நினைத்திருக்கிறாள். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. "கண்ணு, இதுக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. மாடியிலதான். படி கொஞ்சம் செங்குத்து" என்று மட்டும் சொன்னேன். மணி அடித்தது, அவள் உள்ளே போனாள். அன்றைக்குச் சாயங்காலமே போன் செய்து, "எப்பப் போகலாம்பா?" என்றாள்.

போனோம். நான் கூடத்தில் உட்கார்ந்தேன், அவள் உள்ளே போனாள். உள்ளே இருந்து அழுகைச் சத்தம் வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், பேச்சுச் சத்தம்தான் வந்தது, நடுவில் ஒருதரம் சிரிப்பும் வந்தது. வெளியே வந்தவள், "பேர் இருக்குப்பா இதுக்கு. நான் மோசமானவ இல்லையாம்" என்றாள். படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள், எனக்காகவா அவளுக்காகவா தெரியவில்லை. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கொஞ்ச மாதம் கவனித்துப் பார்த்து, பேச்சா, உடற்பயிற்சியா, மருந்தா என்று சேர்ந்து முடிவு செய்வார்களாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்த வாரத்தில் "உனக்கு இது அந்த வாரமா?" என்று கேட்க வேண்டாம். தெரிந்தாலும் கேட்க வேண்டாம், தெரியாவிட்டால் கேட்கவே வேண்டாம். பாத்திரம் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம், ஆனால் தியாகி போன்ற முகத்தோடு தேய்க்க வேண்டாம். "என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். "ஒண்ணும் வேணாம், போங்க" என்றால் அடுத்த அறை வரைக்கும் மட்டும் போங்கள். அந்தப் பையைப் பற்றி அவள் உங்களிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள், கூச்சம். அதனால்தான் அவளைக் கேட்காமலே நான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். பெண்களுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஒரு பெரியவர் தேவைப்படுகிறது.

உங்கள் வீட்டில் சண்டை வந்தால் சின்னதாக வரட்டும், வந்தது சீக்கிரம் போகட்டும், தூக்கம் நிறைய வரட்டும் என்று வாழ்த்துகிறோம். உங்கள் அம்மா அப்பாவுக்கு எங்கள் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் மனைவி போன் செய்தாள். நேற்றே உங்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் தானே சொல்லிவிட்டாளாம், பை உட்பட. நீங்கள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டீர்களாம். பிறகு இருவருமாகச் சேர்ந்து பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வைத்தீர்களாம், உங்கள் சட்டையும் ஒன்று அதில் இருந்ததாம். நான் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன் என்றதும், "அப்பா, உங்களை யாருப்பா கேட்டா?" என்றாள். நியாயமான கேள்வி. ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியும் உங்களுக்குத் தேவையில்லை, படித்திருந்தால் படிக்காதவர் போல் இருந்துகொள்ளவும். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்க நீங்களும் கூடப் போவதாகச் சொன்னாள். கூடத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்காரவும். மற்றதெல்லாம் ஆடும்.