பச்சைக் கோடு முடிந்த பிறகு

மனிதர்களில் பிடுங்கி என்று ஓர் இனம் உண்டு. பயப்படாதீர்கள், பணம் பிடுங்குகிறவர் அல்ல. கணினியில் செருகிய பென் டிரைவை, அது ‘இனி எடுக்கலாம்’ என்று சொல்வதற்குள் உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறவர். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி அக்காவின் கணவரிடம், அதாவது அத்தானிடம், இருக்கிறது.

இவர்களை அடையாளம் காணக் கணினியே தேவையில்லை. பேருந்து நிற்குமுன் படியில் நிற்பார்கள், துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றில் உறுமிக்கொண்டிருக்கும்போதே சொட்டச் சொட்டச் சட்டையை வெளியே இழுப்பார்கள், போனில் நீங்கள் “சரி, அப்போ வைக்க...” என்னும்போது மறுமுனை எப்போதோ அடங்கியிருக்கும்; ‘அணைக்க வேண்டாம்’ என்று திரை கெஞ்சக் கெஞ்ச மடிக்கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லிஃப்ட் பொத்தானைக் குத்திக்கொண்டே இருப்பார்கள். அவ்வளவு அவசரமாக வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார்கள்? சோபாவில் படுத்து மின்விசிறியைப் பார்க்கிறார்கள்.

அத்தானிடம் கேட்டுப் பாருங்கள்.

“காப்பி ஆகுற பச்சைக் கோடு முழுசா ஓடிருச்சு. அப்புறம் என்ன, டாட்டா காட்டி வழியனுப்பணுமா?”

“இருந்தாலும் அத்தான்...”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

கணினியின் பழக்கம் வேறு. கோப்பின் பெயரை முதலில் எழுதி, அளவையும் குறித்து, பேருந்து இருக்கையில் துண்டு போடுவதுபோல இடம் பிடித்து வைத்துவிடும். சரக்கை மட்டும் நிதானமாக மூட்டை மூட்டையாக இறக்கும். கோடு முடிந்த பிறகும் சில மூட்டைகள் வழியில் இருக்கும். அந்த நேரத்தில் பிடுங்கினால்? துண்டு இருக்கும். ஆள் வந்திருக்க மாட்டார்.

அம்மா படுக்கையில் இருந்தபோது, அவள் பேச்சைத் தன் போனில் பதிவு செய்தவர் அத்தான்தான். எங்களில் வேறு யாருக்கும் அது தோன்றவில்லை. அதைச் சொல்லாமல் அவரைக் கேலி செய்வது நியாயமில்லை. அம்மா போன பிறகு எனக்கு அது வேண்டும் என்று கேட்டேன். அன்றே பென் டிரைவில் ஏற்றினார். கோடு ஓடி முடிந்தது. பிடுங்கினார். இடத்தை அடைக்கிறது என்று போனில் இருந்ததையும் அழித்துவிட்டுப் புறப்பட்டு வந்தார்.

என் வீட்டு மேசையில் செருகினோம். அம்மாவை அவர் கூப்பிடுகிறபடி ‘அத்தை’ என்று கோப்புக்குப் பெயர் இருந்தது. அளவும் சரியாக இருந்தது. அம்மா பேசினாள். அக்காவின் கோபத்தைப் பற்றி, அது எந்த அத்தை வழி வந்தது என்பதைப் பற்றி, நடுவில் இருமி, சிரித்து. பிறகு, “சின்னவன் இருக்கானே, அவன் வந்து...” என்றாள். சின்னவன் நான்தான்.

அவ்வளவுதான். மீதி நேரம் முழுக்கக் குரல் இல்லாமல் திரையில் கோடு மட்டும் நகர்ந்தது.

கடையில் காட்டினோம். “மீதி எழுதவே இல்லையே சார். எழுதாததை எங்கேருந்து எடுக்கிறது?” என்றார் பழுது பார்ப்பவர். போனில் அழித்த இடத்திலோ அத்தானின் புதுப் படங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே வழக்கு.

“நல்லதாத்தான்டா சொல்லிருப்பா. அந்தக் குரல்லயே தெரியலையா?” என்கிறாள் அக்கா.

“திட்டத்தான் ஆரம்பிச்சாங்க. நான் பக்கத்துலயே இருந்தேனே” என்கிறார் அத்தான்.

“என்னன்னு திட்டுனாங்க அத்தான்?”

அவர் பென் டிரைவின் மூடியைத் திருகினார். “அது... போனை அங்கேயே வச்சிட்டு, நான் அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டேன்ப்பா.”

இப்போது அவர் திருந்திவிட்டார். கணினி அனுமதி தரும்வரை கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருக்கிறார். பேருந்துப் படியில் மட்டும் இன்னும் முன்கூட்டியே நிற்கிறார்.

சிரிப்பு வருகிறதா? நேற்று உங்கள் வீட்டில் யாரோ “அப்புறம், இன்னொண்ணு...” என்று ஆரம்பித்தபோது உங்கள் கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததே, அந்த இன்னொன்று என்ன? தெரியாதென்றால் இன்றே போய்க் கேட்டுவிடுங்கள். ஆனால் இந்த வரியை முடித்துவிட்டு எழுந்திருங்கள்.