காசிராஜன் நரைத்த விதம்

செவ்வாய்க்கிழமை காலையில் கோகிலாம்பாள் கொண்டையில் வைக்கும் தன் சவுரிமுடியைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தபோது, அது வடித்த கஞ்சியின் நிறத்தில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் வரை கருகருவென்று இருந்த சவுரி. மதுரைக்குப் போனபோது அரைமணி நேரம் பேரம் பேசி வாங்கியது.

கொடிக்குக் கீழே அவள் கணவர் காசிராஜன் மிகுந்த திருப்தியோடு நின்றிருந்தார்.

"பாஸாயிருச்சு" என்றார்.

"எது பாஸாச்சு?"

"மருந்து. ஒரு முடி அறுந்துருக்கா, இழுத்துப் பாரு. நாளைக்கு எந்தலைக்குப் போடப் போறேன்."

கோகிலாம்பாள் சவுரியை இழுத்துப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷனை மேலும் கீழுமாக ஒரு தடவை பார்த்துவிட்டு, உலையில் அரிசி போட உள்ளே போய்விட்டாள். இந்த மனிதர் ஒன்றை நினைத்துவிட்டால் யார் சொல்லியும் கேட்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். தலையாவது மிஞ்ச வேண்டும் என்று மட்டும் மாரியம்மனிடம் சொல்லி வைத்தாள்.

காசிராஜனுக்கு வயது ஐம்பத்திரண்டு. கடைத்தெருவில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிறார். தலையில் பேருக்கு ஒரு நரை கிடையாது. வேறு யாராக இருந்தாலும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்கள். காசிராஜனுக்கு அதுதான் முட்டுக்கட்டையாக இருந்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ் ஐந்து நிமிஷம் நின்று போகும் ஊர் அது. அங்கே வியாபாரிகளுக்குள் வருகிற வழக்கு எதுவும் கோர்ட்டுக்குப் போவதில்லை. எடைக் கல்லில் கோளாறு, கூட்டு வியாபாரத்தில் பிரிவினை, அடுத்த கடை வாசலை மறைத்து மூட்டை அடுக்கியது, எல்லாவற்றையும் வியாபாரிகளின் பொதுப்பணத்தில் நடக்கும் மகமை மடத்தில் ஏழு பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்து வைப்பார்கள். அந்த ஏழு பேரில் ஒருவராக வேண்டுமானால் ஒரே ஒரு தகுதி போதும். தலை முழுக்க நரைத்திருக்க வேண்டும். அரைகுறை நரைக்கு அங்கே இடமில்லை.

வயதைக் கணக்கில் எடுக்கக் கூடாதா என்று கேட்கலாம். ஊரில் யாருக்கும் பிறந்த தேதி சரியாகத் தெரியாது. பள்ளிக்கூட ரிஜிஸ்தரைப் புரட்டினால் பாதி ஊர் ஜூன் முதல் தேதி பிறந்திருக்கும், எல்லாம் வாத்தியார் போட்ட தேதி. அதனால் அந்தக் காலத்திலேயே தலையைச் சர்டிபிகேட்டாக வைத்துவிட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டிலும் அதே சர்டிபிகேட்தான்.

வழக்குத் தீர்க்கிற மூளை காசிராஜனுக்கு உண்டு. மடத்துக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் முதலில் அவர் கடைப் படியேறி யோசனை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மடத்துக்குள் போனால் மட்டும் "தம்பி, செத்தத் தள்ளி நில்லு" என்று ஓரங்கட்டுவார்கள். தை மாதம் ஒரு வழக்கில் காசிராஜன் தூணோரம் நின்று மெதுவாகச் சொன்ன தீர்ப்பை, பெரியவர் தங்கசாமி கணீரென்று தன் தீர்ப்பாகச் சொன்னார். இரண்டு கட்சிக்காரர்களும் அவரைக் கும்பிட்டார்கள். அன்று ராத்திரி காசிராஜன் சாப்பிடாமல் படுத்தார். கோகிலாம்பாளுக்கு அதுதான் மனதை அறுத்தது. இல்லாவிட்டால் சவுரிக்காக அவள் சும்மா விட்டிருக்கமாட்டாள்.

மாசியில் அந்த ஏழு பேரில் ஒருவர் காலமானார். காலியான இடத்துக்கு இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆள் எடுக்கிறார்கள். போட்டிக்கு நிற்பவர் மண்ணெண்ணெய்க் கடை வெள்ளத்துரை. முப்பது வயதிலேயே பஞ்சாக நரைத்துப்போன தலை. காசிராஜனுக்கு எட்டு வயது இளையவர். ஆனாலும் காசிராஜனைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் ஆட்கள் இருக்கும்போது.

"செவ்வாக்கெழமை வரைக்கும் கருப்பா இருந்த தலை வெள்ளிக்கெழமை வெளுத்துருந்தா ஊரு சிரிக்காதா?" என்று சாப்பாடு போடும்போது கோகிலாம்பாள் கேட்டாள்.

அதையும் காசிராஜன் யோசித்து முடித்திருந்தார். இத்தனை வருஷமாகத் தலைக்குக் கருப்பு மை பூசிக்கொண்டிருந்ததாகவும், இனிமேல் பூசப்போவதில்லை என்றும் ஒரு வாரமாகவே கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தார். எல்லாரும் உடனே நம்பினார்கள். சிலர் தங்களுக்கு அது எப்போதோ தெரியும் என்றார்கள்.

மருந்தும் அவராகக் கண்டுபிடித்ததில்லை. அருப்புக்கோட்டையில் தறிகளுக்கு நூல் வெளுத்துக் கொடுக்கும் ஆண்டிச்சாமியிடம் கேட்டு வந்ததுதான். நூலுக்குப் போடுகிற பவுடரைத் தலைக்குப் போட்டால் முடி கையோடு வந்துவிடும் என்று ஆண்டிச்சாமி எச்சரித்திருந்தார். காதில் விட்டால் நுரைக்கிற மருந்து மெடிக்கல் ஷாப்பில் இருக்கிறது, அதுதான் முடிக்கு ஏற்றது. போடுவதற்கு முன் மூன்று நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது, தலையில் ஊறிய எண்ணெய்தான் தோலைக் காக்கும். பித்தளை, இரும்புப் பாத்திரம் ஆகாது. நெற்றியிலும் காதிலும் விளக்கெண்ணெய் தடவ வேண்டும். அரைமணிக்கு மேல் ஒரு நிமிஷம் கூடக் கூடாது. முக்கியமாக, வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போடவே கூடாது, மூன்று நாலு வாரம் பொறுமையாகப் போட்டால்தான் வெளுக்கும்.

மூன்று நாலு வாரம் ஆகும் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காசிராஜன் மனதில் ஏற்றிக்கொண்டார். சவுரி ஒரே தடவையில் வெளுத்ததே. சவுரி ஒரு பகலும் ஓர் இரவும் மருந்தில் ஊறியது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஊறுகாய் ஜாடி மூடியில் மருந்து. கோகிலாம்பாள் வகிடு வகிடாகப் பிரித்துப் பஞ்சால் தொட்டுத் தொட்டு வைத்தாள். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு அரைமணி ஆனதும் எழுந்துபோய்த் தலையை அலசினார். துவட்டிக்கொண்டே வந்து கம்பீரமாக நிமிர்ந்து நின்றார்.

"எப்படி?"

கோகிலாம்பாள் கண்ணாடியை எடுத்துக் கையில் கொடுத்தாள். தலை புது மண்பானை நிறத்தில் இருந்தது.

காசிராஜன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். துண்டை உதறிப் பார்த்தார்.

"ஒரு முடி கொட்டல பாத்தியா" என்றார். "பாதிக் கெணறு தாண்டியாச்சு."

வியாழக்கிழமை காலையில் மிச்சக் கிணற்றைத் தாண்ட மொட்டைமாடிக்கு ஏறினார். மறுபடி மருந்து போடக் கூடாதென்றுதானே ஆண்டிச்சாமி சொன்னார், வெயிலில் போடக் கூடாதென்று சொல்லவில்லையே. நூலை ஈரத்தோடு வெயிலில் விரித்துத்தான் வெளுக்கிறார்கள். காசிராஜன் தலையை நனைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு, பங்குனி வெயிலில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தார். அந்தச் சீமையில் வெயிலுக்கு என்ன பஞ்சம். பதினோரு மணிக்குக் கீழே இறங்கியபோது உச்சந்தலை மட்டும் மஞ்சள் பூத்திருந்தது. காதோரமும் முன்பக்கமும் பழையபடி பானை நிறம். முதுகு தோலுரிந்திருந்தது.

"போதுங்க" என்றாள் கோகிலாம்பாள். முதுகில் மோர் தடவிக்கொண்டே இதமாகத்தான் சொன்னாள். பேசாமல் மொட்டை போட்டுக்கொண்டு திருச்செந்தூருக்கு நேர்த்தி என்று சொல்லிவிடலாம் என்றாள்.

மொட்டைத் தலையில் நரையும் தெரியாது, கருப்பும் தெரியாது, வெள்ளத்துரை நோகாமல் போய் உட்கார்ந்துவிடுவான் என்று காசிராஜன் மறுத்துவிட்டார். படுத்தபடியே யோசித்தார். வேட்டி மஞ்சளடித்தால் என்ன செய்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் கிடைத்த வேகத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

"நீலம் எங்க இருக்கு?"

வேட்டிக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை நீலம் போடுவது வழக்கம். தன் தலை வேட்டியை விட முக்கியமானது என்பதால் காசிராஜன் முழுப் பாக்கெட்டையும் கொட்டினார். கோகிலாம்பாள் தடுக்க ஓடிவருவதற்குள் தலை வாளிக்குள் போய்விட்டது.

தலை வெளியே வந்தது. அவள் பார்த்தாள். அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, அதில் பாதி அழுகை. உச்சந்தலை கிளிப்பச்சை. சுற்றிலும் குளத்துப் பாசி நிறம். மூன்று தடவை சீயக்காய் போட்டுத் தேய்த்தும் பச்சை இன்னும் துலக்கமானதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை முழுக்கத் தலையில் இறுக்கித் துண்டு கட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். மத்தியானம் வெள்ளத்துரை வந்து படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டு, என்ன தம்பி, மை அழிஞ்சதா என்று விசாரித்தார். காசிராஜன் சாயங்காலம் பார்க்கத்தானே போறே என்று சொல்லி, தராசுத் தட்டைத் துடைப்பதில் மும்முரமானார்.

மடத்தில் பெரியவர்கள் முன்னால் தலையில் துண்டோடு நிற்கக் கூடாது. இது தெரிந்துதான் கோகிலாம்பாள் கிளம்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதீங்க. அந்த எடம் இல்லாட்டி என்ன. காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பாக."

"வழக்கை எடுத்துட்டுப் போனவன் பாதி வழியில திரும்புறதில்ல கோகிலா" என்றார் காசிராஜன். "வாரேன்."

மடத்தில் ஆறு பெரியவர்களும் ஜமுக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறு தலையும் ஒரே வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தன. தங்கசாமிக்கு நடுவில் கொஞ்சம் சொட்டை, மற்றவர்களுக்கும் முடி மெல்லிசுதான். வெள்ளத்துரை எதிரே முதலிலேயே வந்து, பஞ்சுத் தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் பத்து இருபது வியாபாரிகள் நின்றார்கள்.

காசிராஜன் கும்பிட்டுவிட்டுத் துண்டை அவிழ்த்தார்.

வாசலில் ஒருவர் இருமினார். வெள்ளத்துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பெரியவர்கள் யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காசிராஜனுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் தலை குனியவில்லை. குனிந்தால் உச்சி இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆறு பேரும் அந்தப் பச்சையை வெகுநேரம் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கசாமி தொண்டையைச் செருமினார்.

"முடி கொட்டுச்சா?"

காசிராஜன் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

"ஒரு முடி கொட்டல" என்றார்.

"ஒண்ணு கூடவா?"

"இழுத்துப் பாத்துக்கிடலாம்."

தங்கசாமி எழுந்து வந்து உண்மையாகவே இழுத்துப் பார்த்தார். மற்ற ஐந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். திரும்பிப் போய் உட்கார்ந்து, வரிசையின் கடைசி வரைக்கும் ஏதோ கிசுகிசுத்தார்கள். பிறகு தங்கசாமி கணீரென்று சொன்னார்.

"காசிராஜனே இருக்கட்டும். வந்து உக்காருங்க அண்ணாச்சி."

வெள்ளத்துரை எழுந்து, இது என்ன நியாயம், நரைத்த தலை நான் இருக்கும்போது பச்சைத் தலைக்கு எப்படி இடம் என்று கேட்டார். பெரியவர்கள் சொன்னால் சொன்னதுதான் என்று பதில் வந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

காசிராஜன் ஏழாவது இடத்தில் உட்கார்ந்தார். ஜமுக்காளம் அவருக்குக் குத்தியது. இத்தனை நாள் ஏங்கிய இடம் கிடைத்துவிட்டது, எதற்காகக் கிடைத்தது என்றுதான் விளங்கவில்லை. தன் புத்தியை ஒரு வழியாக மதித்துவிட்டார்கள் என்று முடிவு செய்தபோது அவருக்குக் கண் கலங்கியது. வீட்டுக்குப் போய்க் கோகிலாம்பாளிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தைக்கூட மனதுக்குள் அடுக்கிவிட்டார்.

கூட்டம் கலைந்தது. மடத்தைப் பெருக்கிக் காவல் பார்க்கும் இருளப்பசாமி, புது அண்ணாச்சிக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மொதத் தடவை அவுக ஆறு பேருக்கும் பச்சைதான் வந்துச்சு அண்ணாச்சி, முடியும் கொட்டுச்சு. அமாவாசைக்கு அமாவாசை நாந்தான் வெளுக்குற மருந்தைப் போட்டு விடுறேன், நீங்களும் கொட்டாத அந்தப் பக்குவத்தைக் கொண்டுக்கிட்டு வந்துருங்க. வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு நெசமாவே நரைச்சுருக்கு, அவுகளை எப்படி நம்பி உள்ள விடுறது?"