புள்ளி விழுந்த லெப்டொப்

புதுப் பொருளில் இருக்கும் கீறல் வாங்கியவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். விற்றவருக்குத் தெரியாது. காட்டினாலும் அது வெளிச்சம் விழுகிற மாதிரி, நிழல் விழுகிற மாதிரி, நம் மனப்பிரமை மாதிரி என்று ஏதாவது ஒரு 'மாதிரி'யாகத்தான் இருக்கும். இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு வேலையையே இழக்க வேண்டியிருந்தது.

பட்டப்படிப்பு முடிந்து வீட்டில் சும்மா இருந்த நேரம். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அம்மா கொழுந்து பறிக்கப் போவார். கொழும்பில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், சொந்தமாக லெப்டொப் இருந்தால் போதும் என்று விளம்பரம் போட்டிருந்தது. விண்ணப்பித்தேன். இன்டர்வியூவுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அம்மா தன் சீட்டுப் பணத்தை எடுத்து, பதுளை டவுனில் ஒரு லெப்டொப் வாங்கித் தந்தார்.

வெள்ளி நிற உலோக மூடி. வீட்டுக்கு வந்து மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தேன். விளிம்பு ஓரமாக, ஊசியால் குத்தியது போல் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒரு மூலையில் தகடு சரியாகப் பொருந்தாமல் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார்.

"அம்மை போட்ட மாதிரி இருக்கே பாப்பா. ஃபெக்டரியில சேண்ட் பேப்பர் இருக்கு. கொண்டாந்து தேச்சு விட்றவா?"

"தொட்டீங்கன்னா வாரண்டி போயிரும்ப்பா!" என்று கத்தினேன். (வாரண்டி அப்போது எனக்கு முருகனுக்கு அடுத்த தெய்வம்.)

புத்தியுள்ள பிள்ளை என்றால் மூடியைத் திறந்து வேலையைப் பார்த்திருக்கும். எனக்கு வந்தது ரோஷம். எங்கள் பக்கம் வருவதெல்லாம் ஏதாவது ஒரு குறையோடுதான் வரும். பள்ளிக்கூடம் வந்தால் கணக்கு வாத்தியார் வரமாட்டார். தகரம் வந்தால் ஆணி வராது. ரோடு வந்தால் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். "கிடைச்சதே பெருசு" என்று வாங்கிக்கொண்டு சிரிக்க வேண்டும். இந்த ஒரு பொருளாவது முழுசாக வரட்டுமே என்று நினைத்தேன்.

மறுநாள் காலை முற்றத்தில் வைத்து, குறைகளையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் அயர்ன் பண்ணிய சட்டை போட்டிருந்தார். எங்களுக்கு அதை விற்ற சேல்ஸ்மேனே கவுண்டரில் நின்றார்.

"மிஸ், இது அலுமினியத்துல வர்ற டிசைன்."

"டிசைன்னா நாலு பக்கமும் இருக்கணும்ல அண்ணே?"

"சரி, படம் எடுத்திருந்தா தாங்க. கொழும்புல இருக்கிற சர்வீஸ் சென்டருக்கு அனுப்பணும். ஒரு கிழமையில வந்துரும்."

பெருமையோடு அனுப்பினேன். அவர் அதைக் கடையின் பெரிய திரையில் போட்டார். மூடியின் நடுவில் கம்பனிச் சின்னம் கண்ணாடி போல் பளபளக்கும். அந்தக் கண்ணாடிக்குள், இடுப்பில் துவாயோடு, வாய் நிறைய நுரையோடு, அப்பா பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

சேல்ஸ்மேன் நிதானமாகப் பெரிதாக்கினார். "மிஸ், இதுல எந்தக் குறையைக் காட்டுறீங்க?"

கடையே சிரித்தது. அப்பா எனக்குச் சம்பந்தமில்லாதவர் போல் ஒரு பிரிண்டரின் விலையை விசாரிக்கத் தொடங்கினார்.

"வேலை செய்யுதுதானே?" என்றார் சேல்ஸ்மேன்.

"செய்யுது."

"அப்புறம் என்ன மிஸ்? தோட்டத்துல வச்சுத்தானே பாவிக்கப் போறீங்க?"

இந்த ஒரு கேள்வி இல்லையென்றால் நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். "கொழும்புக்கு அனுப்புங்க!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

அப்பா என் முழங்கையைப் பிடித்தார். "பாப்பா, இன்டர்வியூ வருதும்மா..."

"ஒரு கிழமையில வந்துரும்னு சொல்றாங்கல்ல?"

(கொழும்புக் கிழமைக்கு எத்தனை நாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.)

அதற்குப் பிறகு தினமும் சர்வீஸ் சென்டருக்குப் போன் போடுவதே என் தொழில். தமிழுக்கு ஓர் இலக்கத்தை அழுத்தச் சொல்வார்கள். அழுத்தினால் பாட்டு வரும். பாட்டு முடிந்தால் ஒரு பெண் சிங்களத்தில் பேசுவார். "செக் பண்ணிட்டு இருக்காங்க" என்பது மட்டும் எந்த மொழியில் கேட்டாலும் ஒரே பதிலாக இருந்தது.

இன்டர்வியூ நாளும் வந்தது. லெப்டொப் வரவில்லை. எங்கள் லயத்தில் வீடியோவில் பேசுகிற அளவுக்குச் சிக்னல் கிடைக்காது. போனை எடுத்துக்கொண்டு மேட்டில் இருக்கும் தண்ணி டாங்கிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உடம்பில் புதுச் சேலை, கால்களில் ரப்பர் பூட்ஸ். தூறல் வேறு. அம்மா பின்னால் நின்று குடை பிடித்தார். திரையில் ஒரு பெரியவர் தோன்றினார்.

"வணக்கம். உங்ககிட்ட சொந்தமா லெப்டொப் இருக்குதானே?"

"இருக்குங்க சார். கொழும்புல."

"நீங்க?"

"நான் ஸ்பிரிங்வெளியில சார்."

"லெப்டொப் ஏன் கொழும்புல?"

"மூடியில புள்ளி இருந்திச்சு சார்."

சிக்னல் போய்விட்டதென்று நினைத்தேன். போகவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"புள்ளி இருந்தா டைப் பண்ண முடியாதாம்மா?"

நான் வாயைத் திறந்தபோது பூட்ஸுக்குள் ஓர் அட்டை கடித்தது. "ஐயோ!" என்றுதான் பதில் வந்தது. பின்னாலிருந்து அம்மா, "ஆடாம நில்லுடி, நான் புடுங்குறேன்" என்று குடையோடு குனிந்தார். குடை திரையை மூடியது. உடனே மொழிபெயர்த்து அனுப்பச் சொல்லி அவர்கள் தந்த இரண்டு பக்கங்களை, ஈர விரலால் போனில் தட்டித் தட்டி பாதிதான் முடித்தேன். பிறகு அங்கிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு லெப்டொப் கடைக்கு வந்தது. அதே புள்ளிகள். அதே தூக்கிய மூலை. அடிப்பக்கத்தில் மட்டும், திருகாணி கழற்றிய இடத்தில், புதிதாக நீளமான ஒரு கீறல். கூடவே வந்த தாளைச் சேல்ஸ்மேன் எனக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினார்: வெளித்தோற்றக் குறைக்கு வாரண்டி கிடையாது. இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது.

"இந்தக் கீறல்? அனுப்பும்போது இல்லையே."

"அது கஸ்டமர் டேமேஜ் மிஸ்."

"எந்தக் கஸ்டமர்? கஸ்டமர் நான்தான். நான் அங்க போகவே இல்லையே!"

அவர் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "வாங்க சார்" என்றார். அன்று பஸ் நிலையம் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். அப்பா பெட்டியைச் சுமந்து வந்தார்.

இப்போது வெலிமடைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். வேலை கிடைத்த கையோடு பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என்னை ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்தி, முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"நெத்தியில என்னங்க தழும்பு?"

சின்ன வயதில் படியில் விழுந்த கதையை அம்மா தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் அப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது வெளித்தோற்றக் குறைங்க. அதுக்கு வாரண்டி கிடையாது."

அவர்கள் பலகாரத்தைத் தொடாமலே எழுந்து போனார்கள். திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் போதும், அம்மா இதை நடித்தே காட்டுவார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும், நானும்தான். சிரிப்பு அடங்கிய பிறகு அப்பா மட்டும் சொல்வார்:

"நான் அத சிரிக்கிறதுக்காகச் சொல்லல."