கட்டைவிரல்ல வந்த வெள்ளை

கடிகார ரிப்பேர்க்காரருக்கு அன்னைக்குக் காலையிலதான் சாவு பயம் வந்துச்சு. கண்ணுல லென்ஸை மாட்டிக்கிட்டு ஒரு குட்டி ஸ்க்ரூவைத் தேடினாரு. ஸ்க்ரூ கிடைக்கல. தன்னோட கட்டைவிரல் நகம் கிடைச்சுச்சு. அதுல வெள்ளை வெள்ளையாப் புள்ளி. லென்ஸ்ல பாத்தா அது புள்ளியாவா தெரியும்? ஒவ்வொண்ணும் பௌர்ணமி நிலா சைஸு!

பக்கத்துக் கடை டெய்லர்கிட்ட விரலை நீட்டினாரு.

"அய்யய்யோ! எங்க மாமாவுக்கும் இப்படித்தாண்ணே வந்துச்சு."

"அப்புறம்?"

"போயிட்டாரு."

நம்மாளுக்கு நெஞ்சுக்குள்ள டிக் டிக் நின்னுபோச்சு. "எப்போய்யா போனாரு?"

"போன வாரம். மக வீட்டுக்கு."

டெய்லர் சிரிச்சான். இவருக்குச் சிரிப்பு வரல. கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு ஓடினாரு.

"என்னங்க, மணி பதினொண்ணுகூட ஆகல, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"எனக்கே மணி அடிக்கப்போகுது, நீ பதினொண்ணைப் பத்திப் பேசுற!"

வீட்டம்மா விரலைப் பிடிச்சு இப்படித் திருப்பிப் பாத்தாங்க, அப்படித் திருப்பிப் பாத்தாங்க. "கிளம்புங்க டாக்டர்கிட்ட."

அங்கதான் ரெண்டாவது பயம் வந்து தொத்திக்கிச்சு. ஏன்னா அவருக்கு சுகர். இனிப்பே தொடக்கூடாதுன்னு ஏற்கெனவே உத்தரவு. ஆனா சமையக்கட்டுப் பரண்ல, அண்டாவுக்குப் பின்னால, வீட்டம்மா ஒளிச்சு வச்ச ஒரு பிஸ்கட் டின் இருக்கு. அவங்க குளிக்கப் போனதும் இவரு ஸ்டூல்ல ஏறிடுவாரு, தினமும். மூடி பயங்கர இறுக்கம். கரண்டியால நெம்பினா சத்தம் கேக்கும். அதனால நகத்தாலயே நெம்புவாரு. டாக்டர் ரத்தம் எடுத்தா குட்டு உடைஞ்சுடுமே!

டாக்டரம்மா எடுத்துட்டாங்க. நம்மாளு சட்டை தொப்பலா நனைஞ்சுபோச்சு.

"அட, சுகர் நல்லா குறைஞ்சிருக்கே! பரவாயில்லையே!"

அவரு காதையே அவரால நம்ப முடியல. "அப்ப நகம், டாக்டர்?"

"இது பயப்படுற விஷயமே இல்லைங்க. நகத்தோட வேர்ல லேசா அடிபட்டாலோ, திரும்பத் திரும்ப அழுத்தம் பட்டாலோ இப்படி வரும். பட்டப்ப தெரியாது. நகம் வளர்ந்து வெளிய வரும்போதுதான் தெரியும். தானாப் போயிடும். நகத்தால எதையாவது நெம்புவீங்களா?"

"க... கடிகார மூடி, டாக்டர்."

"அதுக்குக் கத்தி வச்சிருக்காரு டாக்டர்," வீட்டம்மா எடுத்துக் கொடுத்தாங்க.

"அது மழுங்கிப்போச்சு!"

"நேத்துதான சாணை புடிச்சீங்க?"

டாக்டரம்மா குனிஞ்சுக்கிட்டாங்க. தோள் மட்டும் குலுங்குச்சு.

வீடு திரும்புற வழியில நம்மாளுக்குப் பயம் கரைஞ்சு கர்வம் ஏறிடுச்சு. அத்தனை பிஸ்கட்டும் தின்னு சுகர் குறையுதுன்னா, இது என்ன சாதாரண உடம்பா? வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் நெஞ்சை நிமித்தினாரு.

"இங்க பாரு, மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. பரண்ல இருக்கிற பிஸ்கட்டைத் தின்னது நான்தான். தினமும்! என்ன ஆச்சு? எனக்கு இரும்பு உடம்பு. இனிமே டின்னைக் கீழயே வை."

"வைக்கலாங்க. கீழ வச்சா தொட மாட்டீங்களே."

"ஏன் தொட மாட்டேன்?"

"அது சர்க்கரையே போடாத தவிட்டு பிஸ்கட்டு. டாக்டர் சொல்லித்தான் வாங்கினேன். தட்டுல வச்சு நீட்டினா மூஞ்சியைச் சுளிப்பீங்க. அதான், இருக்கிறதுலயே இறுக்கமான டின்னாத் தேடி வாங்கி ஒளிச்சு வச்சேன்."

மறுநாள் வீட்டம்மா குளிக்கப் போனாங்க. மூடி தொறந்தபடி டின் மேசைமேலயே இருந்துச்சு. நம்மாளு ஒண்ணை எடுத்துக் கடிச்சாரு. அட்டையை மென்ன மாதிரி இருந்துச்சு. இன்னொண்ணு கடிச்சாரு. அதுவும் அட்டை.

குளியலறைப் பக்கம் ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் அவரே மூடியை அழுத்தி இறுக்கி, ஸ்டூல்ல ஏறி, டின்னை அண்டாவுக்குப் பின்னால ஒளிச்சு வச்சுட்டு இறங்கினாரு.